ஜெர்சி, குர்ன்சி, மாண் தீவு: +44-இல் தொடங்கும் ‘வெளிநாட்டு’ அழைப்புக்கு எந்த வழி நல்லது?

லண்டனிலிருந்து ஷெட்லாந்துத் தீவுகளின் லெர்விக் நகரம் 900 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்குள்ள ஒருவரின் செல்பேசிக்கு அழைத்தால் மாதத் திட்டத்தின் இலவச நிமிடங்களிலேயே கணக்கு முடிந்துவிடும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்திலுள்ள ஜெர்சிக்கு அழைத்தாலோ, பல நிறுவனங்களின் பில்லில் அது தனிப் பதிவாக, வெளிநாட்டு அழைப்புக்கு இணையான கட்டணத்தோடு வந்து நிற்கும். இரண்டு எண்களுமே 07-இல் தொடங்குகின்றன, இரண்டுக்கும் நாட்டுக் குறியீடு +44 தான். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம் என்பதால், ‘அன்லிமிடெட்’ திட்டம் வைத்திருப்பவர்கள்கூட மாதக் கடைசியில்தான் விஷயத்தை அறிகிறார்கள்.

பிள்ளைகளோ உறவினர்களோ ஜெர்சியின் நிதி நிறுவனங்களிலோ மாண் தீவின் மருத்துவமனையிலோ வேலைக்குப் போயிருக்க, இங்கிலாந்திலிருந்து அவர்களோடு அடிக்கடி பேச வேண்டியிருக்கும் வாசகர்களுக்காக, கையிலுள்ள வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நிறுவனங்களின் கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் எவருடைய விலைப்பட்டியலையும் இங்கே தரவில்லை; எந்தச் சூழலுக்கு எந்த வழி பொருந்தும் என்பது அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

## கட்டணம் ஏன் இப்படி

இந்த மூன்று தீவுகளும் பிரிட்டிஷ் முடியாட்சியைச் சார்ந்த தன்னாட்சிப் பகுதிகள். ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல. பாதுகாப்புக்கும் வெளியுறவுக்கும் லண்டன் பொறுப்பேற்கிறது, வரியையும் உள்ளூர்ச் சட்டங்களையும் தீவுகளின் சொந்த மன்றங்கள் தீர்மானிக்கின்றன. தொலைபேசியிலும் இந்தப் பிரிவினை பழையது. குர்ன்சி 1898-லேயே தன் அரசுத் தொலைபேசித் துறையைத் தொடங்கிவிட்டது. ஜெர்சி தன் உள்ளூர் இணைப்பகத்தை 1923-ல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையிடமிருந்து வாங்கியது. தீவுக்கு வெளியே செல்லும் அழைப்புகளுக்கான பொறுப்பு 1973-ல்தான் அதன் கைக்கு வந்தது. மாண் தீவில் 1987-ல் மான்க்ஸ் டெலிகாம் (‘மான்க்ஸ்’ என்றால் மாண் தீவைச் சார்ந்தது) உருவானது.

ஆனால் எண் மட்டும் பிரிட்டனோடு ஒட்டிக்கொண்டது. பொதுமக்கள் தாங்களே வெளியூருக்கு டயல் செய்யும் முறை வந்தபோது தீவுகளுக்கும் பிரிட்டிஷ் எண்வரிசையிலேயே குறியீடு தரப்பட்டது. அந்தக் காலத்து டயலில் ஒவ்வோர் இலக்கத்தோடும் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஜெர்சியின் 0534-இல் உள்ள 5, 3 ஆகியவை அதன் ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், குர்ன்சியின் 0481-இல் 4, 8 என்பவையும் அப்படியே, மாண் தீவின் 0624-இல் 6, 2 என்பவை ‘மான்க்ஸ்’ என்ற சொல்லின் முதல் எழுத்துகள். 1995 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் முழுவதும் ஊர்க் குறியீடுகளில் ஒரு 1 சேர்க்கப்பட்டபோது இவையும் 01534, 01481, 01624 ஆயின. செல்பேசி எண்களும் 07797 (ஜெர்சி), 07781 (குர்ன்சி), 07624 (மாண் தீவு) என்று பிரிட்டிஷ் வரிசைக்குள்ளேயே அமைந்தன.

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைக்கும்போது, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக முதல் நிறுவனம் இரண்டாவதற்கு நிமிடக் கணக்கில் ஒரு தொகை கொடுக்கிறது. பிரிட்டனுக்குள் இந்தத் தொகைக்கு அங்குள்ள தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் உச்சவரம்பு விதித்திருக்கிறது. அது இன்று ஒரு பென்னிக்கும் குறைவு. இலவச நிமிடங்களை அள்ளிக் கொடுக்க முடிவதற்கு அதுவே காரணம். தீவுகளுக்கு எண்களையும் அலைவரிசையையும் ஒதுக்குவது ஆஃப்காம்தான் என்றாலும், தீவு நிறுவனங்கள் வாங்கும் சேர்ப்புக் கட்டணத்தின் மீது அதற்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் ஜெர்சி, குர்ன்சி, மாண் தீவு ஒவ்வொன்றிலும் உள்ள தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகளிடம் இருக்கிறது.

சந்தையும் மிகச் சிறியது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜெர்சியில் 1,03,267 பேர், மாண் தீவில் 84,069 பேர். கோபுரமும் கடலடிக் கேபிளும் இவ்வளவு பேரிடமிருந்தே செலவை மீட்க வேண்டும். இந்தியாவின் பாரதி குழுமம் 2007-ல் ஏர்டெல்-வோடஃபோன் என்ற பெயரில் ஜெர்சியில் நுழைந்தபோது போட்டி சற்றுச் சூடு பிடித்தது. பின்னர் அந்தச் சேவையும் தீவுகளில் ஏற்கெனவே இருந்த ஷூர் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

எல்லைக் கோடு எவ்வளவு விசித்திரமாக விழுந்தது என்பதற்கு ஒரு காலகட்டத்தைச் சொல்லலாம். 2019 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு அழைக்க நிமிடத்துக்கு வரி நீங்கலாக 19 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அப்போது பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தது, தீவுகள் இல்லை. ஆகவே பிரான்சுக்கு அழைத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. பிரெஞ்சுக் கரைக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கிடக்கும் ஜெர்சிக்கு அழைத்தவருக்கு அது கிடைக்கவில்லை.

தன்னாட்சி இருந்தாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. ஓலாந்துத் தீவுகள் தன்னாட்சி பெற்றவை, ஆனால் பின்லாந்தின் பகுதி; எண்ணும் பின்லாந்தினுடையது. டென்மார்க்கைச் சார்ந்த பரோயே தீவுகளுக்கு +298 என்று தனி நாட்டுக் குறியீடே இருப்பதால், அங்கே அழைப்பவர் ஏமாற வழியில்லை. எண் உள்நாட்டினுடையதாகவும் கட்டணம் வெளிநாட்டினுடையதாகவும் இருப்பதுதான் இந்த மூன்று தீவுகளில் உள்ள தொல்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நிமிடக் கட்டணம் ஓர் அளவுகோல் மட்டுமே, அதுவும் முதன்மையானதல்ல என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை: ஸ்மார்ட்போனும் இணையமும் உள்ளவரா, தரைவழித் தொலைபேசி மட்டும் உள்ள முதியவரா, அல்லது வங்கி, மருத்துவமனை போன்ற ஓர் அலுவலகமா. அடுத்தது, அழைக்கப்படும் எண் 01-ஆ 07-ஆ என்பது. பல நிறுவனங்கள் இவ்விரண்டையும் வெவ்வேறாக நடத்துகின்றன. மூன்றாவது, மாதத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் பேச்சு என்பது. கடைசியாக, விலைப்பட்டியலில் கண்ணில் படாத செலவுகள்: தொடக்கக் கட்டணம், முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடுதல், குரலஞ்சல், குறுஞ்செய்தி.

## 07 எண்ணை அப்படியே அழைப்பது

எந்த ஏற்பாடும் தேவையில்லாததும், பெரும்பாலும் விலை மிகுந்ததுமான வழி இது. நிமிடத்துக்கு 40 பென்ஸ் என்றும், நிமிடம் தொடங்கினாலே முழு நிமிடக் கணக்கு என்றும் ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “வந்து சேர்ந்துவிட்டாயா?” என்று கேட்டு 61 விநாடியில் வைத்தாலும் 80 பென்ஸ். தொடக்கக் கட்டணம் உள்ள திட்டமானால் அதற்கும் மேல். மறுமுனையில் எடுக்காமல் குரலஞ்சலுக்குப் போனாலும் அழைப்பு இணைந்ததாகவே கொள்ளப்படும்.

குறுஞ்செய்திக்கும் இதே கதைதான். ஐபோனில் ஐமெசேஜாகப் போய்க்கொண்டிருந்த செய்தி, மறுமுனையில் இணையம் அறுந்தவுடன் சாதாரணக் குறுஞ்செய்தியாக மாறிப் போகக்கூடும். நீலக் குமிழி பச்சையானதைத் தவிர வேறு எச்சரிக்கை இருக்காது. இந்த மாற்றத்தை அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம்.

ஆண்டுக்கு ஓரிரு முறை அவசரத்துக்கு அழைப்பவர் இந்த வழியிலேயே இருக்கலாம், இதில் மிச்சமாகும் பணம் மற்ற ஏற்பாடுகளுக்குச் செலவிடும் நேரத்துக்குக்கூட ஈடாகாது.

## 07-க்குப் பதில் 01 எண்ணை அழைப்பது

மறுமுனையில் தரைவழி இணைப்பும் இருந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். 01534-ஐயும் மற்ற இரண்டையும் சாதாரணப் பிரிட்டிஷ் 01 எண்ணாகவே கருதி இலவச நிமிடங்களில் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு, விலக்கி வைப்பவையும் உண்டு. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை விலைப்பட்டியலின் அடிக்குறிப்புதான் சொல்லும். “01, 02, 03 எண்கள் அனைத்தும் இலவசம்” என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, சானல் தீவுகள் (ஜெர்சி, குர்ன்சி உள்ளிட்டவை) நீங்கலாக என்று கீழே பொடி எழுத்தில் போடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் தீவுகளை உள்நாட்டுப் பகுதியில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், வெளிநாட்டு அழைப்புகளின் அகரவரிசையில், ஜப்பானுக்கு அடுத்து, ஜோர்டானுக்கு முன்னால் ஜெர்சி உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

ஒரு கவனக்குறிப்பு: சார்க், ஆல்டர்னி ஆகிய சிறு தீவுகளும் குர்ன்சியின் 01481-ஐயே பயன்படுத்துகின்றன. ஒயிட் தீவு (01983), சில்லி தீவுகள் (01720) ஆகியவை ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே இருப்பவை. அவற்றுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

வீட்டில் இருக்கும் முதியவர்கள், கடைகள், அலுவலகங்கள் ஆகியோரை அழைக்க இந்த வழி மிகவும் ஏற்றது. இளையவர்களை இப்படிப் பிடிக்க முடியாது. அவர்களில் பலருக்குத் தரைவழி எண்ணே கிடையாது.

## கூடுதல் தொகுப்பு வாங்குவது, அல்லது நிறுவனத்தையே மாற்றுவது

மாதத்துக்கு ஒரு நிலையான தொகை கட்டினால் குறிப்பிட்ட நாடுகளுக்கு இத்தனை நிமிடம் என்று தரும் வெளிநாட்டு அழைப்புத் தொகுப்புகள் பல நிறுவனங்களிடம் உண்டு. வாங்குமுன் இரண்டைக் கேட்க வேண்டும். தொகுப்பின் நாடுகள் பட்டியலில் தீவுகளின் பெயர் வெளிப்படையாக இருக்கிறதா? ‘ஐரோப்பா’ என்று மட்டும் போட்டிருந்தால் அதில் தீவுகள் அடங்கும் என்று நினைத்துவிட முடியாது. பெயர் இருந்தால், அது செல்பேசிக்கும் பொருந்துமா, தரைவழிக்கு மட்டுமா?

தீவுகளின் 07 எண்களையும் உள்ளடக்கிய திட்டம் கிடைத்தால் அதற்கு மாறுவது நியாயமே, ஆனால் தினமும் பேசுபவருக்கு மட்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுபவர் மாதம் முழுவதற்கும் பணம் கட்டிவிட்டுப் பாதிக்குமேல் வீணாக்குவார். ஒப்பந்தக் காலம் முடியாமல் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

## வாட்ஸ்அப் போன்ற செயலிகள்

பெரும்பாலோர் ஏற்கெனவே செய்வது இதுதான் என்பதால் அதிகம் விளக்கத் தேவையில்லை. குரல் அழைப்புக்கு ஆகும் டேட்டா சொற்பம், வைஃபை இருந்தால் அதுவும் இல்லை. ஜெர்சியில் வீடுகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஒலியின் தரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு பயணத்தின்போதுதான் வரும். இங்கிலாந்து சிம்மோடு தீவுக்குப் போகிறவருக்கு அங்கே டேட்டா ரோமிங் கணக்கில் வரலாம். ஜெர்சியின் கிழக்குக் கரையில் நின்றால், எதிரே தெரியும் நார்மண்டியின் பிரெஞ்சு அலைவரிசையைச் செல்பேசி தானாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. வலையமைப்புத் தேர்வைக் கைமுறைக்கு மாற்றிவைப்பது நல்லது.

நம்பகத்தன்மை பற்றி ஒன்று. 2016 நவம்பரில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடியில் இழுபட்டு, ஜெர்சியை இங்கிலாந்தோடு இணைத்த மூன்று கேபிள்களை அறுத்தது. பிரான்சு வழியாகச் செல்லும் கேபிள்கள் இருந்ததால் தீவு துண்டிக்கப்படவில்லை, வேகம்தான் குறைந்தது. ஆகவே இணையத்தை நம்புவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அவசரத்துக்கு ஒரு சாதாரண எண்ணும் கையில் இருக்கட்டும்.

அலுவலகங்கள் விஷயத்தில் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. வரித் துறையையோ மருத்துவரின் முன்பதிவு மேசையையோ அழைக்க அவர்களின் எண்ணைத்தான் டயல் செய்தாக வேண்டும்.

## முன்பணம் கட்டி, இணையம் வழியாகச் சாதாரண எண்ணை அழைப்பது

மறுமுனையில் இணையம் இல்லாதபோது பயன்படுவது இது. நீங்கள் செயலியில் டயல் செய்கிறீர்கள், அவருக்கு வழக்கமான தொலைபேசி மணி அடிக்கிறது. இந்த வகையில் பலரும் அறிந்திருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது; வைபர் அவுட் போன்றவையும் சிறிய இணையத் தொலைபேசி நிறுவனங்களும் இருக்கின்றன.

இங்கும் பொறி 07-இல்தான் இருக்கிறது. “ஐக்கிய இராச்சியச் செல்பேசி, நிமிடத்துக்கு இவ்வளவு” என்ற விலையைப் பார்த்துவிட்டு 07797-ஐ அழைத்தால், நிறுவனத்தின் கணினி முதல் ஐந்து இலக்கங்களைப் படித்து வேறு விலையை எடுத்துக்கொள்ளும். முழு எண்ணையும் உள்ளிட்டு விலை கேட்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பயன்படுத்தாத முன்பணம் குறிப்பிட்ட மாதங்களில் காலாவதியாவதும் உண்டு, எனவே சிறிய தொகையாகக் கட்டுவது மேல். இன்னொரு சங்கடம், உங்கள் எண் மறுமுனையில் தெரியாமல் போகலாம். அறியாத எண்ணை எடுக்காத முதியவருக்கு இது பெரிய தடை.

## மிஸ்டு கால் கொடுத்து, அவர்களை அழைக்கச் சொல்வது

நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே இதற்கு ஓர் உண்மையான பொருளாதாரக் காரணம் இருக்கிறது: தீவு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்குப் பிரிட்டன் அன்றாடம் பேசும் இடம் என்பதால், ஐக்கிய இராச்சிய எண்களுக்கான நிமிடங்களைச் சேர்த்தே விற்கும் மாதத் திட்டங்கள் அங்கே உண்டு. உங்களுக்குச் செலவாகும் அதே உரையாடல் எதிர்த்திசையில் அவருக்கு இலவசமாக இருக்கலாம். அவருடைய திட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இதைச் செய்வது மரியாதையாகாது, சுமையை அவர் தலையில் மாற்றுவதாகிவிடும்.

குரலஞ்சல் எடுக்குமுன் வைத்துவிடுவதும் முக்கியம். எத்தனை முறை மணி அடித்த பிறகு அது குறுக்கிடும் என்று தெரியாதவர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதே சிறந்தது.

## லண்டன் எண்ணைத் தீவுக்குக் கொண்டுபோவது

அதிகம் பேசப்படாத இந்த வழி, நிறையப் பேர் ஒருவரையே அழைக்கும் குடும்பங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஏற்றது என்று கருதுகிறேன். தீவில் இருப்பவர் ஓர் இணையத் தொலைபேசி நிறுவனத்திடம் 020-இல் தொடங்கும் எண்ணை மாத வாடகைக்கு எடுத்து, அதைத் தன் செல்பேசியிலுள்ள செயலியில் ஒலிக்கச் செய்கிறார். இங்கிலாந்திலிருந்து அந்த எண்ணை அழைப்பவர் எவருக்கும் அது உள்நாட்டு அழைப்பு, இலவச நிமிடங்களில் அடங்கிவிடும். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகூடத் தன் பழைய தொலைபேசியிலிருந்து பேரனை அழைக்கலாம். செலவு முழுவதும் அந்த மாத வாடகையோடு முடிகிறது. அந்த அழைப்பைத் தீவுச் செல்பேசி எண்ணுக்குத் திருப்பிவிட்டால் மட்டும் கணக்கு குலையும், ஏனெனில் திருப்பிவிடப்படும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் பணம் கட்டுவார். செயலியில் ஒலிக்கும்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் இன்னொரு வடிவம், பழைய இங்கிலாந்து சிம்மையே இரண்டாவது சிம்மாக வைத்துக்கொண்டு வைஃபை வழி அழைப்பைப் பயன்படுத்துவது. சில நிறுவனங்கள் நாட்டுக்கு வெளியே வைஃபை அழைப்பை அனுமதிப்பதில்லை. நீண்டகாலம் வெளியிலேயே பயன்படுத்தினால் கேள்வி கேட்கும் விதியும் சில ஒப்பந்தங்களில் உண்டு. எதுவாயினும் 999-ஐ மட்டும் தீவின் சொந்த சிம்மிலிருந்தே அழைக்க வேண்டும். லண்டன் முகவரியில் பதிவான எண்ணிலிருந்து போகும் அவசர அழைப்பு தவறான ஊரின் சேவைக்குப் போய்ச் சேரக்கூடும்.

## ஒரே பார்வையில்

| வழி | மறுமுனையில் தேவை | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| 07-ஐ நேரடியாக | எதுவும் இல்லை | முழு நிமிடக் கணக்கு, குரலஞ்சல் | எப்போதாவது அழைப்பவர் |
| 01-ஐ அழைப்பது | தரைவழி இணைப்பு | அடிக்குறிப்பில் விலக்கு | முதியவர், அலுவலகம் |
| கூடுதல் தொகுப்பு | எதுவும் இல்லை | பயன்படாத நிமிடங்கள், ஒப்பந்தக் காலம் | தினமும் பேசுபவர் |
| வாட்ஸ்அப் | ஸ்மார்ட்போன், இணையம் | பயணத்தில் ரோமிங் | நண்பர்கள், குடும்பம் |
| முன்பணக் கணக்கு | எதுவும் இல்லை | 07-க்கு வேறு விலை, காலாவதி | இணையம் இல்லாதவரை அழைக்க |
| மிஸ்டு கால் | ஏற்ற மாதத் திட்டம் | அவருடைய செலவு | திட்டம் தெரிந்த நெருங்கியவர் |
| 020 எண் | ஸ்மார்ட்போன், இணையம் | மாத வாடகை, திருப்பிவிடும் கட்டணம் | பலர் ஒருவரை அழைக்கும் குடும்பம் |

## கலந்து பயன்படுத்துவோருக்கு

ஒரே வழியைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கு வாட்ஸ்அப், அலுவலகங்களுக்கு 01 எண், இரண்டும் வாய்க்காதபோது முன்பணக் கணக்கு என்ற கூட்டு பெரும்பாலோருக்குப் போதும். வீட்டில் இணையம் பழகாத பெரியவர்கள் இருந்தால் 020 எண்ணை அதோடு சேர்க்கலாம். தீவிலுள்ள வாடிக்கையாளர்களோடு நாள்தோறும் பேசும் சிறு தொழில் நடத்துபவருக்கு மட்டுமே மாதத் தொகுப்பைப் பரிந்துரைப்பேன்.

எந்த வழியை எடுத்தாலும், கைதவறி 07797-ஐ அழுத்திவிடும் நாள் வரும். அதற்கு ஒரு பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 2018 அக்டோபர் 1 முதல், புதிதாகச் சேர்பவருக்கும் ஒப்பந்தத்தை நீட்டிப்பவருக்கும் பில்லுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியை பிரிட்டிஷ் செல்பேசி நிறுவனங்கள் தந்தாக வேண்டும். திட்டத்துக்கு மேற்பட்ட செலவுக்கு வரம்பைப் பூச்சியமாகவோ ஐந்து பவுண்டாகவோ வைத்துவிட்டால், அதைத் தாண்டும் அழைப்பு இணையவே இணையாது. தொடர்புப் பட்டியலில் தீவு எண்களின் பெயருக்கு முன்னால் “ஜெர்சி” என்றோ “மாண்” என்றோ சேர்த்துவைப்பதும் உதவும். டயல் செய்யுமுன் அது கண்ணில் படும்.